இரண்டாவது ஊசியின் தேதி: 2002இல் அமெரிக்கக் குதிரைகளைத் தாக்கிய வெஸ்ட் நைல் – ஒரு நிகழ்வு ஆய்வு

2002ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 குதிரைகளுக்கு, கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸால் மூளைக்காய்ச்சல் கண்டது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தாமாக இறந்தன, அல்லது மீளாது என்று தெரிந்து கருணைக்கொலை செய்யப்பட்டன. குதிரைக்கான தடுப்பூசியோ அதற்கு ஓராண்டு முன்பே, 2001 ஆகஸ்டிலேயே, கால்நடை மருத்துவர்களின் கைக்கு வந்திருந்தது. ஊசி இருந்தும் இத்தனை குதிரைகள் ஏன் விழுந்தன? ஊசியின் தரத்தைவிட அது போடப்பட்ட தேதியில்தான் இதற்கு விடை அதிகம் இருக்கிறது. குதிரை வைத்திருப்பவர் எவரும் அந்த ஆண்டை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

நோய் வந்த வழி

இந்த வைரஸை முதலில் பிரித்தெடுத்தது 1937இல், உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து. குதிரைகளை அது தாக்கும் என்பது ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தெரிந்ததுதான். 1996இல் மொராக்கோவிலும், 1998இல் இத்தாலியின் டஸ்கனியிலும், 2000இல் பிரான்ஸின் கமார்க் சதுப்பு நிலத்திலும் குதிரைகள் நோயுற்றன. அமெரிக்கக் கண்டம் மட்டும் 1999 வரை இதை அறியாமல் இருந்தது.

அந்த ஆண்டுக் கோடையின் இறுதியில் நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. தொடக்கத்தில் அதை செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று தவறாகக் கணித்தார்கள். பிராங்ஸ் விலங்குக்காட்சிசாலையில் பறவைகள் மடிந்ததும், அங்கிருந்த நோயியல் மருத்துவர் அந்த மரணங்களை மனிதர்களின் நோயிலிருந்து தனியாகப் பார்க்க மறுத்ததும்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தன. அதே பருவத்தில் லாங் ஐலண்டில் 25 குதிரைகள் நோயுற்றன, 9 போயின. 2000இல் நாடு முழுக்கச் சுமார் 60 குதிரைகள். 2001இல் 738. அடுத்த ஆண்டு 15,000.

இந்தத் தாவலுக்கு நிலப்பரப்பு ஒரு காரணம். கிழக்குக் கடற்கரை நகரங்களில் வைரஸைச் சுமந்தது க்யூலெக்ஸ் பிபியன்ஸ். வடிகாலிலும் அழுக்கு நீரிலும் பெருகும் கொசு. டெக்சாஸ், லூசியானா பக்கம் க்யூலெக்ஸ் குயின்குஃபாசியாட்டஸ். தமிழ்நாட்டு நகரங்களில் சாக்கடையில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்புகிற கொசுவும் இதுவே. வைரஸ் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி நடுச் சமவெளிக்குள் நுழைந்தபோது அங்கே க்யூலெக்ஸ் டார்சாலிஸ் இருந்தது. பாசன வயல், மேய்ச்சல் நிலத்தில் தேங்கும் நீர், குளம்புத் தடத்தில் நிற்கும் நீர் என எல்லாவற்றிலும் முட்டையிடும். பறவையையும் கடிக்கும், பாலூட்டியையும் கடிக்கும். பல கிலோமீட்டர் பறக்கும். குதிரைகள் நிறைந்த, பாசனம் நிறைந்த, முன் எதிர்ப்புச் சக்தி சிறிதும் இல்லாத ஒரு நிலத்தில் இத்தகைய கொசு வைரஸைக் கையில் எடுத்துக்கொண்டது.

குதிரை ஒரு முட்டுச்சந்து

வைரஸ் சுற்றிச் சுற்றி வருவது பறவைக்கும் கொசுவுக்கும் இடையே. காகம், அதன் இனத்தைச் சேர்ந்த நீல ஜே போன்றவற்றின் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகுவதால், கடிக்கும் கொசு எளிதில் தொற்றிக்கொள்கிறது. கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பி வரை வைரஸ் போய்ச் சேர வெப்பத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் ஆகும். வெயில் கூடினால் அந்த நாட்கள் குறையும். குதிரையின் ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக, மிகச் சில நாட்களே இருப்பதால், நோயுற்ற குதிரையைக் கடித்த கொசுவால் அடுத்த குதிரைக்கு அதைக் கொண்டுபோக முடியாது. குதிரையிலிருந்து குதிரைக்கோ குதிரையிலிருந்து மனிதருக்கோ இது தொற்றுவதில்லை.

ஆகவே ஒரு லாயத்தில் ஒரு குதிரைக்கு நோய் வந்தால் 'அதைப் பிரித்துவிட்டோம், மற்றவை தப்பித்தன' என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. அந்த ஊரில் தொற்றிய கொசு பறக்கிறது என்பதே செய்தி. தொற்று ஏற்பட்ட குதிரைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் நோய்க்குறி வெளியே தெரியும். கண்ணில் படும் ஒரு குதிரைக்குப் பின்னால் கண்ணில் படாத பல இருக்கும்.

சமவெளியில் நோய் உச்சத்தைத் தொட்டது ஆகஸ்ட் பின்பகுதியிலும் செப்டம்பரிலும். கோடை முழுக்கப் பறவைகளிடையே வைரஸ் பெருகி, தொற்றிய கொசுக்களின் பங்கு கூடிக்கொண்டே வரும் காலம் அது. பறவைகள் கூடு கலைந்து பிரிந்து போகும்போது, அதுவரை பறவைகளையே நாடிய கொசுக்களில் ஒரு பகுதி பாலூட்டிகள் பக்கம் திரும்பும். உறைபனி விழுந்த பிறகுதான் அங்கே நோய் அடங்கும்.

ஊசிக் கணக்கு

2001இல் வந்தது செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்ட தடுப்பூசி. அமெரிக்க வேளாண்மைத் துறை முதலில் அதற்கு நிபந்தனை உரிமம்தான் கொடுத்தது. பாதுகாப்பானது என்று காட்டியாயிற்று, பலன் தரும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது, முழுச் சான்று பின்னால் வரும் என்பது அதன் பொருள். பின்னர் நடந்த சோதனையில், ஊசி போட்டு ஓராண்டு கழிந்த குதிரைகளைத் தொற்றிய கொசுக்களைக் கொண்டு கடிக்கவைத்தார்கள். ஊசி போட்ட 19 குதிரைகளில் ஒன்றின் ரத்தத்தில்தான் வைரஸ் தென்பட்டது. ஊசி போடாத 11இல் 9இல் தென்பட்டது. ஊசி நன்றாகவே வேலை செய்தது.

பிசகியது அட்டவணை. முதன்முறை போடும் குதிரைக்கு இந்த ஊசி இரண்டு தவணை: ஒவ்வொன்றும் 1 மில்லி, தசையில், 3 முதல் 6 வார இடைவெளியில். முதல் தவணை உடலுக்கு எதிரியை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவே. காக்கும் அளவுக்கு எதிர்ப்பொருள் எழுவது இரண்டாவது தவணைக்குப் பிறகு. அதற்கும் சில வாரங்கள் கொடுக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் குதிரை விழுந்தது என்று கேட்டு ஆகஸ்ட் 10இல் முதல் ஊசி போட்டவரின் கணக்கைப் பாருங்கள். நான்கு வாரம் கழித்து, செப்டம்பர் 7இல் இரண்டாவது. காப்பு உறுதிப்படும்போது செப்டம்பர் முடிந்துவிடும். நோயின் உச்சம் முழுவதும் அந்தக் குதிரை திறந்த வெளியில் நின்றிருக்கும். உரிமையாளரோ 'ஊசி போட்டாச்சு' என்று நம்பிக்கொண்டிருப்பார். 2002இல் நோயுற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை ஊசியே போடாதவை, அல்லது தவணை முடிக்காதவை.

எனவே பின்னோக்கி எண்ண வேண்டும். நடுச் சமவெளி மாநிலமான நெப்ராஸ்கா போன்ற இடத்தில் ஜூன் முதல் தேதி குதிரை முழுக் காப்போடு நிற்க வேண்டும் என்று வையுங்கள். நான்கு வாரம் பின்னே போனால் மே முதல் வாரம். அது இரண்டாவது ஊசி. இன்னும் நான்கைந்து வாரம் பின்னே போனால் மார்ச் கடைசி. அது முதல் ஊசி. பனி முழுதாக உருகாத, ஒரு கொசுவும் பறக்காத அந்த நாளில்தான் வேலை தொடங்க வேண்டும். பலர் தவறவிடுவதும் அங்கேதான்.

முந்தைய ஆண்டு தவணை முடித்த குதிரைக்கு வசந்தத்தில் ஒரு ஊசி போதும். உறைபனி இல்லாத தென் மாநிலங்களில், கொசு ஆண்டு முழுக்க இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை போடுவது நல்லது. சினைக் குதிரைக்கு ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியே குட்டிக்குக் காப்பு போகும். அந்தத் தாயின் குட்டிக்கு 4 முதல் 6 மாத வயதில் முதல் ஊசி, 4 முதல் 6 வாரம் கழித்து இரண்டாவது, அடுத்த கொசுப் பருவத்துக்கு முன் 10 முதல் 12 மாத வயதில் மூன்றாவது. இதை முந்திப் போட்டால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே ஊசியின் வேலையைக் கெடுத்துவிடக்கூடும். ஊசி போடாத தாயின் குட்டிக்கு அந்தத் தடை இல்லை; 3 மாதத்திலேயே தொடங்கலாம்.

ஊசி பலிக்காமல் போகும் இடங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியின் முன்பலகையில் ஒரு மணி நேரம் கிடந்த குப்பியை நம்பக் கூடாது. குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோன குப்பியையும் நம்பக் கூடாது. உறைதல் இவ்வகை ஊசியைக் கெடுக்கும், உருகிய பிறகு பார்த்தால் வித்தியாசம் தெரியாமலும் போகலாம். குப்பியை நன்றாகக் குலுக்கிய பிறகே உறிஞ்ச வேண்டும். கிருமிநாசினியில் அலசிய சிரிஞ்சைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒரு குதிரைக்கு ஒரு ஊசி முனை. கழுத்தில் சின்ன வீக்கமும், தலையைக் குனியத் தயங்குவதும் ஓரிரு நாளில் சரியாகும். உடனடி ஒவ்வாமை அரிது. வந்தால் நிமிடங்களில் வரும் என்பதால், ஊசி போட்டதும் குதிரையை வண்டியில் ஏற்றி அனுப்பாமல் சற்று நேரம் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும்.

அந்த நாட்களில் இந்த ஊசி சினைக் குதிரைகளுக்குக் கருச்சிதைவையும் ஊனமான குட்டிகளையும் உண்டாக்குகிறது என்ற பேச்சு வேகமாகப் பரவியது. ஊசி போட்ட சினைக் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் அப்படி ஒரு தொடர்பும் தெரியவில்லை. அந்தப் பேச்சை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள் தங்கள் சினைக் குதிரைகளை வைரஸின் முன் நிறுத்தினார்கள்.

2003 சொன்னது

2003இல் அமெரிக்காவில் மனிதர்களிடையே பதிவான வெஸ்ட் நைல் நோய் 4,156இலிருந்து 9,862 ஆனது, இரு மடங்குக்கும் மேல். அதே ஆண்டு குதிரைகளில் சுமார் 15,000இலிருந்து ஏறத்தாழ 5,000க்கு இறங்கியது. 2004இல் இன்னும் இறங்கி 1,400 அளவில் நின்றது. அதே கொசு, அதே பறவை, அதே கோடை. மனிதருக்குத் தடுப்பூசி இல்லை, குதிரைக்கு இருந்தது. 2003 வசந்தத்தில் பலர் சரியான மாதத்தில் போட்டார்கள்.

இந்த இறக்கம் முழுவதையும் ஊசியின் கணக்கில் எழுதுவது சரியல்ல. 2002இல் நோய்க்குறி காட்டாமலே தொற்று வந்து போன குதிரைகள் இயற்கையாகவே எதிர்ப்புப் பெற்றிருந்தன. ஆனால் ஊசியின் பங்கு கண்கூடு. நெப்ராஸ்காவிலும் கொலராடோவிலும் 2002இல் நோயுற்ற 482 குதிரைகளைப் பற்றிய ஆய்வில், ஊசி போடாதவை இறக்கும் வாய்ப்பு போட்டவற்றைப்போல் இரு மடங்கு இருந்தது. தவணை முடியாத நிலையில் நோய் வந்தாலும் ஊசி உயிரைப் பிடித்து வைக்க உதவியிருக்கிறது. அதனால், பருவம் நடுவில் இருக்கிறதே என்று ஆகஸ்டில் ஊசியைக் கைவிடவும் கூடாது. போட்டுவிட்டு, அதை நம்பாமல், கொசுவைத் தடுக்கும் வேலையை முழு மூச்சாகச் செய்ய வேண்டும்.

தண்ணீர்

கொசு தடுப்பில் மருந்து தெளிப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். தண்ணீரைப் பார்ப்பதோ கடைசியில். அது தலைகீழ். க்யூலெக்ஸ் பெண் கொசு நூறு, இருநூறு முட்டைகளை ஒரு சின்னத் தெப்பம்போல் ஒட்டி நீர்ப்பரப்பில் மிதக்கவிடும். கோடை வெப்பத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். எனவே எந்த நீரும் ஏழு நாளுக்கு மேல் அசையாமல் நிற்கக் கூடாது.

சின்னத் தண்ணீர்த் தொட்டி என்றால் வாரம் ஒருமுறை முழுதும் கவிழ்த்து, பக்கவாட்டில் படிந்த பாசியைத் தேய்த்து, மறுபடி நிரப்ப வேண்டும். பாதி நீரை ஊற்றிவிட்டு மேலே நிரப்பினால் புழுக்கள் அடியில் தங்கிவிடும். நாள் குறித்துச் செய்யுங்கள். 'அழுக்கானால் மாற்றுவோம்' என்றால் பத்தாம் நாள்தான் அழுக்கு கண்ணில் படும்.

கவிழ்க்க முடியாத பெரிய மேய்ச்சல் நிலத் தொட்டிக்கும் குட்டைக்கும் பிடிஐ என்று சுருக்கமாகச் சொல்லும் பாக்டீரியா மருந்து ஏற்றது. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் சிதைந்து சாகும். குதிரைக்கோ மீனுக்கோ தீங்கில்லை. வளைய வடிவில் விற்கும் கட்டி ஒன்று ஏறத்தாழ 9 சதுர மீட்டர் நீர்ப்பரப்புக்கு 30 நாள் வரை வரும். கணக்கு பரப்பளவில்தான், கொள்ளளவில் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆழமான தொட்டி என்பதற்காக இரண்டு போட வேண்டியதில்லை. ஆழமில்லாத, அகன்ற குட்டைக்கு ஒன்று போதாது. போட்ட மறுநாளும் கொசு வருகிறதே, மருந்து போலியோ என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. காரணம் வேறு: கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் அதன் மேல் இந்த மருந்து செல்லாது. போடும் அன்று கூட்டுப்புழுவாக இருந்தவை இரண்டு மூன்று நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அவை போன பிறகே பலன் தெரியும்.

தொட்டியைவிட மோசமான இடம் தொட்டியைச் சுற்றியுள்ள சேறு. மிதவை வால்வு சரியாக மூடாமல் நீர் வழிந்துகொண்டே இருக்கும். குதிரைகள் மிதித்த இடமெல்லாம் குளம்புக் குழியாகும். ஒவ்வொரு குழியிலும் சாணம் கலந்த இரண்டு கை நீர். க்யூலெக்ஸுக்கு அதைவிடப் பிடித்த இடமில்லை. வால்வைச் சரிசெய்து, தொட்டியைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் கொட்டி மேடாக்கினால் ஒரு பருவம் முழுக்க மருந்துச் செலவு மிச்சம். உடனே செய்ய முடியாவிட்டால், குருணையாக விற்கும் பிடிஐயைக் குழிகளில் தூவலாம்.

மற்றவை சட்டென்று முடியக்கூடியவை: தீவனத்தை மூடிய தார்ப்பாயின் மடிப்பு, அதை அமுக்கி வைத்த பழைய டயர், அடைத்துக்கொண்ட கூரைத் தகரவாய்க்கால், சாண மேட்டின் அடியில் ஒழுகி நிற்கும் கருநீர். டயரைத் தூக்கி எறிய மனமில்லை என்றால் அடியில் துளையிடுங்கள்.

லாயத்தின் உள்ளே

இந்தக் கொசுக்கள் பொழுது சாயும்போது தொடங்கி விடியும் வரை கடிக்கும். சூரியன் மறைந்த முதல் இரண்டு மணி நேரம் மிக மும்முரம். அந்த நேரத்தில் குதிரையை உள்ளே கட்டு என்ற அறிவுரை எங்கும் கேட்கும். ஆனால் வலையில்லாத, காற்றோட்டமில்லாத லாயத்துக்குள் கட்டினால், திறந்த வெளியில் வாலையாவது வீசி நகரக்கூடிய குதிரையை நகர முடியாத இடத்தில் கொசுவுக்குப் படைத்ததாகும். உள்ளே கொண்டுவருவதென்றால் சன்னலுக்கும் கதவுக்கும் வலை வேண்டும். அங்குலத்துக்கு 18க்கு 16 கண்ணுள்ள சாதாரண கொசுவலையே போதும். ஆப்பிரிக்கக் குதிரைநோயைப் பரப்பும் க்யூலிகாய்டஸ் குறுஈ இதைவிட மிகச் சிறியது, இந்த வலையைத் தாண்டிவிடும். அந்த நோய் உள்ள நாட்டில் இன்னும் நெருக்கமான வலை தேவை.

மின்விசிறி பலர் மதிப்பதைவிட நல்ல கருவி. கொசுவால் பலத்த காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது; குதிரையின் மூச்சும் வாடையும் கலைந்துபோவதால் அது குதிரையைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினமாகும். காற்று குதிரையின் முதுகிலும் கால்களிலும் படும்படி திருப்பி வையுங்கள். தூசி புகாதபடி மூடிய மோட்டார் உள்ளதாக இருக்கட்டும். வைக்கோல் தூசி ஏறிய சாதாரண வீட்டு விசிறி சூடேறித் தீப்பிடிக்கும். லாயத் தீயில் குதிரைகளை வெளியே கொண்டுவரக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. கம்பி, குதிரையின் பல்லுக்கு எட்டாத உயரத்தில் போக வேண்டும். இரவில் லாயத்துக்குள் விளக்கை எரியவிடாதீர்கள். வெளிச்சம் தேவையென்றால் தள்ளி, வெளியே போடுங்கள்.

உடலில் பூசும் பெர்மெத்ரின் மருந்து வேலை செய்யும், ஆனால் வியர்வையிலும் மழையிலும் கரைந்து போகும். காலையில் தெளித்துச் சவாரி போன குதிரைக்கு மாலையில் மறுபடி பூசாமல் விட்டால் கடிக்கும் நேரத்தில் உடலில் மருந்து இராது. முகத்தில் தெளிக்காமல், துணியில் நனைத்துக் கண்ணைத் தவிர்த்துத் துடையுங்கள். வயிற்றடி, கால்கள், காதின் வெளிப்புறம் ஆகியவற்றை மறக்க வேண்டாம். லாயத்தில் பூனை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை: பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. ஈரம் காயும்வரை அதை அண்டவிடாதீர்கள்.

நோய் கண்ட பிறகு

கடித்து 3 முதல் 15 நாளில் குறிகள் தெரியும். காய்ச்சல் எல்லாக் குதிரைக்கும் இருக்காது. அதை மட்டும் எதிர்பார்த்தால் ஏமாறுவோம். மேல்உதடும் மூக்கு நுனியும் துடிப்பது, கழுத்துத் தசை மெல்ல நடுங்குவது, பின்கால் தள்ளாடுவது, தொட்டாலும் சத்தம் கேட்டாலும் அளவுக்கு மீறித் திடுக்கிடுவது இவைதான் அடையாளம். ஒரு கால் மட்டும் சரியில்லை என்று தோன்றி, லாடத்தையும் குளம்பையும் சோதித்து ஒரு நாளை வீணாக்குவது அடிக்கடி நடக்கும். வட்டமாக நடத்திப் பாருங்கள்; திரும்பும்போது பின்கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் குதிரை தடுமாறினால் கோளாறு நரம்பில்.

ரத்தத்தில் ஐஜிஎம் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் எலைசா சோதனைதான் உறுதி செய்யும். ஊசி போட்ட குதிரைக்கு மற்ற எதிர்ப்பொருள் சோதனைகள் குழப்பம் தரும்; ஐஜிஎம் பெரும்பாலும் அண்மைத் தொற்றில்தான் எழும். முடிவு வரும்வரை, குறிகள் ஒத்திருக்கக்கூடிய வெறிநோயை மனத்தில் வைத்துக் கையுறையோடு அணுக வேண்டும். வாயில் கைவிட்டுப் பார்க்கக் கூடாது. நரம்பைத் தாக்கும் குதிரை ஹெர்பீஸ் நோயோ குதிரைக்குக் குதிரை தொற்றக்கூடியது. அதை விலக்கும்வரை தனியே வைப்பது அவசியம்.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் ஃப்ளூனிக்சின் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் வீதம் சில நாள் கொடுப்பது வழக்கம். குதிரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும்போது அதைத் தொடர்ந்தால் சிறுநீரகம் கெடும், நீரேற்றம் முதலில். நிற்கும் குதிரை பெரும்பாலும் பிழைக்கும், மூன்று முதல் ஏழு நாளில் திருப்பம் தெரியும். விழுந்து எழ முடியாத குதிரையின் நிலை வேறு. தடித்த படுக்கை போட்டு, 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, முடிந்தால் தொங்குபட்டையில் தாங்கி நிறுத்த வேண்டும். இல்லையென்றால் நோயைவிட முன்னதாகத் தசைச் சிதைவும் படுக்கைப் புண்ணும் அதை முடித்துவிடும். தேறிவரும் குதிரை முதல் வாரத்துக்குப் பிறகு மறுபடி சரிவதும் உண்டு.

பிழைத்த குதிரையில் உடனே ஏறக் கூடாது. பலவற்றுக்கு முழு நலம் திரும்ப ஒன்று முதல் ஆறு மாதம் ஆகும். சிலவற்றுக்குப் பின்காலில் தளர்வு தங்கிவிடும். சேணம் போடும் முன் சரிவில் ஏற்றி இறக்கியும், பின்னோக்கி நடக்கவைத்தும், நிற்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுத்தும் பார்க்க வேண்டும். வாலை இழுத்ததும் எதிர்த்து நிற்காமல் சாய்கிற குதிரை இன்னும் ஆளைச் சுமக்கத் தயாராகவில்லை.